வெளியே நிற்க வைத்தால் போதுமா?

ஆசிரியருக்கு, வகுப்பில் அடங்காத சிறுவர்கள் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். கண்டிப்பு வேண்டும் என்பது சரி. ஆனால் பிள்ளை எதற்காகக் குறும்பு செய்கிறான் என்று பார்க்காமல் கண்டிப்பதில் பயனில்லை. நான் பாடம் நடத்தும் இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுவன் கணக்குப் பாடத்தில் சாதுவாக இருப்பான். வாய்விட்டு வாசிக்கும் முறை அவனை நெருங்கும்போதுதான் பென்சில் டப்பா கீழே விழும், பக்கத்துப் பையன் கிள்ளு வாங்குவான். வெளியே நிற்கச் சொன்னால் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! வாசிப்பிலிருந்து தப்பித்துவிட்டானே.

குறும்புக்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதனால் அவனுக்கு என்ன கிடைத்தது என்று ஓரிரு வாரம் குறித்து வைத்தாலே காரணம் பெரும்பாலும் பிடிபடும். அந்தக் குறிப்போடு பெற்றோரை அழைத்துப் பேசுவதைப் பள்ளிகள் வழக்கமாக்கலாம். கண், காது பரிசோதனை செய்தார்களா என்றும் அப்போதே கேட்டுவிடலாம்.

- ஓர் ஆசிரியை