பின்கதவு இறுகுகிறது என்றாயே

அன்புள்ள சின்னவளுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. மற்றதைப் போனில் சொல்லலாம், நீ எடுத்தால்.

பையன் சைக்கிள் ஓட்டும் படம் வந்தது. அம்மா அவனைப் பார்த்தாள். நான் அவனுக்குப் பின்னால் சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் சுவரைப் பார்த்தேன். நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. நீர் வடிய விட்ட ஓட்டைகள் இந்த மழையிலும் காய்ந்து கிடக்கின்றன. அடைத்துக்கொண்டால் தண்ணீர் சுவருக்குப் பின்னால்தான் நிற்கும். பின்கதவு இறுகுகிறது, ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்றாய். இருக்கலாம். நிலை கோணினாலும் கதவு இறுகும்.

பாறை மேல் கட்டிய வீடு என்று மாப்பிள்ளை சொன்னார். அவரைக் குறை சொல்லவில்லை. பாறை இருக்கும், அதன் மேல் மக்கிக் கிடக்கும் மண்தான் போகும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை தடுக்கிற இடத்தில் தேங்கும். நீரின் அழுத்தம் ஏற ஏற மண்ணின் பிடி தளரும். பாறையடுக்கும் சரிவு சாய்ந்த பக்கமே சாய்ந்து, இடையில் களிமண் படலமும் இருந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். உன் வீடு இரண்டு முகடுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் கூடுவதும் அங்கேதான், மண் ஆழமாகச் சேர்வதும் அங்கேதான். மனை வாங்கும்போதே சொன்னேன். சரி, விடு.

மலை தூரத்தில் இருக்கிறது என்கிறாய். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் சரிவு உடைந்தது சுமார் 1550 மீட்டர் உயரத்தில். சேறும் பாறையும் ஆற்றுவழியே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் போயின.

எட்டு வயதில் மாடியில் டப்பா வைத்து மழை அளந்தவள் நீ. அதை இன்னும் எல்லோரிடமும் சொல்கிறேன். உனக்குத் தெரியாததா? நாலு நாள் ஊறிய மண்ணில் விழும் ஐந்தாம் நாள் மழையைத்தான் பார்க்க வேண்டும். ஓட்டைகளைப் பார். ஊற்றுநீர் கலங்கினாலோ திடீரென நின்றாலோ இரவென்று பார்க்காதே, பையனைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் மேட்டுக்குப் போ. ஓட்டைகளைப் பார்.

நம் வாசலில் நாலு வருஷம் நின்ற சைக்கிள் யாருடையது என்று கேட்பாய். மேஸ்திரி விட்டுப்போனது என்பேன். அவர் வேலை பார்த்த அந்த மலைரோட்டு வளைவு மழையால் சரிந்தது என்றுதான் உங்களிடம் சொல்லியிருக்கிறேன். ரோட்டை அகலப்படுத்த மலையின் அடியை வெட்டக் கோடு போட்டவன் நான். அன்று காலை மேலே விரல் நுழைகிற வெடிப்பைப் பார்த்தேன். வேலையை நிறுத்தினால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, மழை விடட்டும் என்றேன். மேஸ்திரி கீழே இருந்தார். சைக்கிளை வாங்கிப்போக அவர் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. நானும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

அம்மாவுக்கு இது தெரியாது.

மேல் அறை காலியாகத்தான் இருக்கிறது. பையனுக்கு லீவு என்று மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொள்.

அப்பா