கல்யாணத்துக்கு முன்னால் லேசர் வேண்டாம், மல்லிகா

ஏற்காடு,
ஆவணி கடைசி வெள்ளி.

அன்புள்ள மல்லிகா,

பூங்கொடிக்குத் தையில் கல்யாணம் என்று படித்ததும் முதல் வேலையாக இவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். நம் மடியில் புரண்ட குட்டி! இளம்பிள்ளைக்குச் சேலை எடுக்கப் போகும்போது என்னை விட்டுவிட்டுப் போனாயோ, பேச்சே கிடையாது. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காப்பிக் காய் இன்னும் பச்சைதான். இவருக்கு முட்டிவலி, எனக்கு இவர் புலம்பலைக் கேட்கும் வலி.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கன்னத்தில் கறுப்புத் திட்டாகப் படர்ந்திருக்கிற மங்கு, அதை லேசர் வைத்து எடுத்துவிட்டால் கல்யாண போட்டோவில் பளிச்சென்று இருக்கும், ஒரே சிட்டிங்கில் போய்விடும் என்று பார்லர்காரம்மா சொன்னாள் என்கிறாய். வேண்டாம்டி. இப்போதைக்கு வேண்டாம்.

சும்மா பயமுறுத்தவில்லை. மருமகள் கவிதாவுக்குப் பருக்குழிக்காகச் சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் லேசர் செய்தோம். கூடவே இருந்து பார்த்தவள் நான். மரத்துப்போகிற க்ரீமைப் பூசி ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். கண்ணுக்கு மூடி போட்டார்கள். அப்புறம் சிகிச்சை சீக்கிரமே முடிந்தது. லேசான கருகல் வாடை, அவ்வளவுதான். ராத்திரி வரை முகம் தகதகவென்று எரிந்தது. ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டே இருந்தோம். மறுநாள் காலையில் கண்ணைச் சுற்றி வீங்கிப்போய்ப் பிள்ளையே அடையாளம் தெரியாமல் நின்றான். மூன்றாம் நாள் கிட்டே போய்ப் பார்த்தேன்: கன்னம் முழுக்க வரிசை வரிசையாகப் பொடிப் புள்ளி, காப்பித்தூளைச் சலித்துத் தூவினது போல. தொட்டால் சொரசொரவென்று இருந்தது. அதெல்லாம் ஒரு வாரத்தில் தானாக உதிர்ந்துவிட்டது. உள்ளே இருந்த சிவப்பு மட்டும் வாரக்கணக்கில் நின்றது. இதெல்லாம் வழக்கமாக வருவதுதான் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

அவர் பயந்தது வேறொன்றுக்கு. பயாலஜி டீச்சர் புத்தி போகுமா, தோண்டித் தோண்டிக் கேட்டேன். பல லேசர்களின் வெளிச்சத்தை நம் தோலுக்குக் கறுப்பு நிறம் கொடுக்கிற மெலனினே உறிஞ்சிக்கொள்கிறது. வெள்ளைக்காரர்களுக்கு அது குறைவு. நமக்குத் தோல் முழுக்க இருக்கிறது. அளவு கொஞ்சம் கூடினாலும் கொப்புளம், தழும்பு. அதோடு, நம்ம தோல் சூடுபட்டாலோ காயம்பட்டாலோ பதிலுக்கு இன்னும் கறுப்பைத்தான் சுரக்கும். கொசு கடித்த இடம் நமக்கு மாசக்கணக்கில் கறுத்துக் கிடக்கிறதே, அதே கதை. ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற அமெரிக்க டாக்டர் 1975ல் தோலை வகை பிரித்தபோது வெள்ளைத் தோலை வைத்துத்தான் பிரித்தாராம். பழுப்பும் கறுப்பும் ஐந்து, ஆறு என்று பின்னால் சேர்ந்தவை. நம்மில் நிறையப் பேர் நாலு, ஐந்தில் வருகிறோம். மெஷினை யார் முகத்துக்கு எந்த அளவில் வைப்பது என்பதை அதைப் படித்தவர்தான் முடிவு செய்யணும். ஃபேஷியலுக்கும் அதற்கும் ஒரே கை போதும் என்று நினைக்கிற பார்லர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தக் கறுப்பு உடனே வராது என்பதுதான் மோசம். பொருக்கு உதிர்ந்து, முகம் நன்றாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது, மூன்று நாலு வாரம் கழித்து மெல்லத் தலைகாட்டும். அது மங்க மாசங்கள் ஆகும். நீ ஐப்பசியில் செய்துகொண்டு தையில் மணவறை பக்கத்தில் நிற்கப்போகிறாய். கணக்கு நீயே போட்டுக்கொள்.

அதிலும் மங்கு இருக்கிறதே, அது பருக்குழி மாதிரி இல்லை. லேசர் இருக்கிற நிறத்தை உடைக்கும்; நிறத்தைச் சுரக்கிற செல்லின் கோபம் அப்படியேதான் இருக்கும். வெயில், அடுப்பு வெக்கை, ஹார்மோன் எல்லாம் அதைத் தூண்டிக்கொண்டே இருக்கும். அதனால் நிறையப் பேருக்குத் திரும்பி வருகிறது, சிலருக்கு முன்னைவிட அடர்த்தியாக. அடிக்கடி செய்துகொண்டால் சொட்டுச் சொட்டாக வெள்ளைப் புள்ளி விழுவதும் உண்டு. அதனால்தான் பூச்சு மருந்தெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் மங்குக்கு லேசரை யோசிப்போம் என்றார் டாக்டர்.

லேசருக்கப்புறம் வீட்டில் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. முதல் சில நாள் வாசலின் மாதிரி ஒரு களிம்பு, காயவே விடக்கூடாது. சோப்பு கிடையாது, தேய்க்கக் கூடாது, பொருக்கைக் கிள்ளவே கூடாது. கவிதா தூக்கத்தில் சொறிந்துவிடுவாளோ என்று நகத்தை ஒட்ட வெட்டிவிட்டேன். என் நாத்தனார் கஸ்தூரி மஞ்சளும் எலுமிச்சம்பழமுமாக வந்து நின்றார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆவி பிடிப்பது, ரெட்டினால் க்ரீம் எல்லாம் டாக்டர் சொல்லும்வரை மூட்டைகட்டி வைக்கணும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வரும். அதைச் சொன்னதும் டாக்டர் முன்கூட்டியே மாத்திரை கொடுத்தார், லேசர் சூட்டில் அந்த வைரஸ் எழும்பி முகமெல்லாம் பரவிவிடுமாம். கேட்காவிட்டாலும் இதையெல்லாம் நாமே வாய்விட்டுச் சொல்லிவிடணும்.

அப்புறம் சன்ஸ்கிரீன். புண் ஆறினதிலிருந்து தினமும், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும். வெளியே இருந்தால் இரண்டு மணிக்கொரு தரம் மறுபடியும். இங்கேதான் பனியாயிற்றே, வெயில் எங்கே என்று கவிதா சிணுங்கினாள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் பத்து சதவீதம் போலக் கூடும், பனியும் மேகமும் அதை முழுசாகத் தடுக்காது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கிளாஸ் எடுத்துவிட்டேன், பாவம். இப்போது அவளுக்குக் குழி கொஞ்சம் மேவியிருக்கிறது. முழுசாகப் போகவில்லை, போகாது என்றும் சொல்லித்தான் ஆரம்பித்தார்கள்.

உனக்கு நான் சொல்வது, இப்போதே சன்ஸ்கிரீனில் ஆரம்பி, அதுவும் தோல் நிறத்தில் வருகிறதே, இரும்பு ஆக்ஸைடு கலந்தது, அதை வாங்கு. மங்கைக் கறுக்க வைப்பதில் சாதாரண வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு. வெள்ளையாக இருக்கிற சன்ஸ்கிரீன் பெரும்பாலும் அதைத் தடுக்காது.

கடைசியாக ஒன்று. மெடிக்கலில் வாங்கிப் பூசுகிறேன், ஆரம்பத்தில் நன்றாக வெளுத்தது, நிறுத்தினால் சிவந்து அரிக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அந்த மாதிரி க்ரீமில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். மாசக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, பொடி ரத்தக்குழாய் சிவப்பாகத் தெரியும், முடிகூட முளைக்கும். அந்தத் தோலில் லேசர் வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நீயாகத் திடுமென்று நிறுத்தவும் வேண்டாம். அடுத்த வாரமே ஒரு தோல் டாக்டரைப் பார். பெரிய ஆஸ்பத்திரி ஓ.பி.யில் காட்டினாலும் போதும். போகும்போது அந்த டியூபைக் கையோடு எடுத்துப் போ, பேர் சொன்னால் போதாது, பின்னால் அச்சடித்திருப்பதை அவர்கள் படிக்கணும்.

என்ன சொன்னார்கள் என்று போன் பண்ணு. பூங்கொடிக்கு என் முத்தம்.

அன்புடன்,
சரோஜா