குருகுக்கு எதற்கு விளக்குக் கம்பம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் ஈரநிலங்களைப் பறவைகளுக்காகச் சீரமைக்கப்போவதாக அடிக்கடி செய்தி வருகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் கூடவே வரும் படங்களில் கல் பதித்த நடைபாதையும் விளக்குக் கம்பமும் இருக்கின்றன, பறவையைத்தான் காணோம்.

நான் விலங்கியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். கொழும்பை ஒட்டிய கொலன்னாவைச் சதுப்பின் ஓரத்தில் குடியிருக்கிறேன். எங்கள் மேல்மாடியிலிருந்து பார்த்தால் ஒரே பச்சை. வருகிறவர்கள் “என்ன குளிர்ச்சி!” என்பார்கள். அந்தப் பச்சையில் பெரும்பகுதி வெல் ஆத்தா. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், அன்னமுன்னாவுக்குச் சொந்தம். பழம் தண்ணீரில் மிதந்துபோய் ஒதுங்கும் இடத்தில் முளைக்கும். வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும். அதன் நிழலில் சம்பு, கோரை போன்ற நீரோரப் புற்கள் தலையெடுக்காது.

மஞ்சள் குருகு என்ற நீர்ப்பறவைக்கு அந்தச் சம்புதான் வீடு. ஆள் அரவம் கேட்டால் தண்டைக் காலால் பற்றிக்கொண்டு, கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்கு உயர்த்தி அசையாமல் நிற்கும். கழுத்திலுள்ள கோடுகள் காய்ந்த சம்புத் தண்டுகளோடு கலந்துவிடும். பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் பிடிபடாது. சம்பு போனால் இந்த வித்தையை எங்கே காட்டும்? கருங்குருகோ அந்தியிலும் இரவிலும் இரை தேடுவது. அதற்கு வெளிச்சம் போட்டுக் கொடுக்கிறோம்!

2018இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரங்களாக முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. சான்றிதழ் சரி. களனி கங்கை முகத்துவாரத்துக்கு வடக்கே முத்துராஜவெல சதுப்பின் ஒரு பகுதி 1996இலேயே சரணாலயமாகிவிட்டது. சுற்றிலும் மண் கொட்டி நிரப்புவதோ இன்னும் ஓயவில்லை. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை மூழ்கியதை அனுபவித்த எங்களுக்கு, சதுப்பு எவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொள்ளும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே அதிகாரிகளிடம் கேட்பது இதுதான். நடைபாதையை ஒரு கரையோடு நிறுத்துங்கள், மறுகரை இருட்டாகவே இருக்கட்டும். வெல் ஆத்தாவை வெட்டி, ஆழமில்லாத திறந்த நீரும் சம்பும் கலந்து இருக்கும்படி விடுங்கள். முக்கியமாக, துளிர்ப்பதைத் திரும்பத் திரும்ப வெட்ட அடுத்தடுத்த வருடங்களுக்கும் பணம் ஒதுக்குங்கள். திறப்பு விழாவோடு கூலியாட்களை அனுப்பிவிடாதீர்கள். வேலையை மழைக்கு முன் தொடங்கினால் நல்லது. நீர்மட்டம் ஏறிவிட்டால் உள்ளே இறங்கி வெட்ட முடியாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொலன்னாவை