மாப்ளைக்கு, உன் எரர் லாக் பற்றி

மாப்ள,

அம்மாவுக்கு மூட்டுவலியில் படி ஏற முடியவில்லை என்று அஸ்தம்பட்டி வீட்டில் கீழ்ப்போர்ஷனைக் காலி செய்து குடிவைத்தோம், அதில்தான் பதில் தள்ளிப்போனது.

லினக்ஸ் கெர்னலுக்கு நீ எழுதிய பேட்ச் (கோட் மாற்றம்) சில ப்ராசஸர்களுக்கு பில்ட் ஆகவில்லை என்று அனுப்பிய லாக்கைப் பார்த்தேன். சாதாரண பிசி ப்ராசஸரான எக்ஸ்86-64-ல் வார்னிங்கூட இல்லாமல் போன பேட்ச், 32 பிட் ஆர்ம் ப்ராசஸரில் கடைசியில் எல்லா ஃபைலும் ஒன்றாக லிங்க் ஆகும்போது 'யுஎல்டிவ்மாட்' என்று முடியும் ஏதோ ஒன்றைக் காணோம் என்று விழுகிறது. அந்தப் பெயரை உன் கோடில் தேடாதே, நீ எழுதியதே இல்லை அது. 32 பிட் ஆர்மில் 64 பிட் எண்ணை வகுக்கத் தனிக் கட்டளை கிடையாது. மெமரிப் பக்கங்களின் சதவீதம் போடும் இடத்தில் யூ64-ஐ, அதாவது 64 பிட் எண்ணை, ஒரு மாறியால் வகுத்திருக்கிறாய் பார், அங்கே ஜிசிசி கம்பைலர் தன் லைப்ரரி ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது, அது கெர்னலில் இல்லை. பேஜ் சைஸால் வகுத்திருந்தால், அது இரண்டின் அடுக்கான மாறாத எண் என்பதால், கம்பைலரே அதைப் பிட்டுகளை நகர்த்தும் ஷிஃப்ட் ஆக்கியிருக்கும், சத்தமே வந்திருக்காது.

யாரைக் கேட்டாலும் கெர்னலில் வகுப்பதற்கென்றே இருக்கும் டூடிவ் போடு என்பார்கள். போட்டால் எரர் போய்விடும்தான், ஆனால் அது வகுக்கும் எண்ணை 32 பிட் என்றே எடுத்துக்கொள்ளும். உன் மாறி அன்சைன்ட் லாங், அதாவது 64 பிட் மெஷினில் 64 பிட். மேல்பாதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். 4 கேபி பக்கத்துக்கு 16 டெராபைட் மெமரி வந்தால்தான் பக்க எண்ணிக்கை 32 பிட்டைத் தாண்டும், உன் டெஸ்ட் மெஷினில் ஒரு காலத்திலும் தெரியாது, எவனோ ஒருத்தனின் பெரிய சர்வரில் தப்புக் கணக்கு வரும். அன்சைன்ட் லாங்கால் வகுக்கவே டிவ்64_யூஎல் இருக்கிறது, அதைப் போடு.

லாக்கில் இருக்கும் இன்னொரு எரர், பழைய எம்68கே ப்ராசஸரில் விமாலாக் (மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன்) டிக்ளேர் ஆகவில்லை என்பது சின்ன விஷயம். எக்ஸ்86-ல் வேறேதோ ஹெடர் வழியாக ஓசியில் வந்துவிடுகிறது, நீ விமாலாக்.எச்-ஐ நேராகவே சேர்த்துவிடு. அதற்குப் போய் ப்ராசஸருக்கு ஒரு கோடாகப் பிரிக்கும் இஃப்டெஃப் போட்டாயானால் கோபம் வரும் எனக்கு.

ஒவ்வொரு தடவையும் முழு பில்ட் ஓட்டாதே. மேக் கொடுக்கும்போது மெமரி கோட் இருக்கும் எம்எம் டைரக்டரியை மட்டும் சொல்லி, வந்த ஆப்ஜெக்ட் ஃபைலில் பெயர்களைப் பட்டியல் போடும் என்எம் ஓட்டினாலே அந்த டிவ்மாட் பெயர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும், லிங்கர் வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், ஏற்காட்டில் உன் சித்தப்பாவைப் பார்த்தேன். காப்பிப்பழம் பறிக்க ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார், நீ போனே செய்வதில்லையாமே. முதலில் அவருக்குப் போன் போடு, பேட்ச் எங்கேயும் ஓடிப்போகாது. பொங்கலுக்கு சேலம் வருகிறாயா இல்லையா?