மார்ஃபின் மாத்திரைக்காக எத்தனை தூரம் அலைவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புற்றுநோய்க்குப் புது மருந்து, புது மெஷின் வந்தால் உங்கள் பத்திரிகையில் செய்தி வருகிறது, நல்லதுதான். ஆனால் "இனி ஒன்றும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்ட பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

என் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். படுத்தால் வலி முதுகுவரை பிடுங்கும் என்பதால் ராத்திரி முழுக்கத் தலையணையைக் கட்டிக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பார், அம்மா பக்கத்திலேயே விழித்திருப்பார். ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய மாத்திரை எதுவும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் எங்கள் பக்கத்து மருந்துக்கடை எதிலும் இல்லை, கேட்டாலே ஒரு மாதிரி பார்த்தார்கள். கடைசியில் அரை நாள் பஸ்ஸில் போய் வேறு மாவட்டத்திலிருந்து வாங்கி வந்தோம். விலை என்று பார்த்தால் சொற்பம்தான். நாலு மணி நேரத்துக்கு ஒன்று, மலச்சிக்கல் வரும் என்பதால் கூடவே அதற்கும் ஒரு மருந்து, அவ்வளவுதான், அப்பா படுத்துத் தூங்கினார். இதைக் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார், அடிமையாகிவிடுவார் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். வலிக்குத் தகுந்த அளவு பார்த்து டாக்டர் கொடுக்கும்போது உயிரைக் குறுக்காது என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டாமா?

1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகள் மார்ஃபினை வைத்திருக்கவே பயந்தன. அந்தச் சட்டத்தை 2014இல் திருத்தி, பல லைசென்ஸ் வாங்கும் தொல்லையையும் எடுத்துவிட்டார்கள். இந்த மருந்துக்கு மூலமான அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. நம் ஊர் நோயாளிக்குத்தான் வந்து சேரவில்லை.

பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். குணமாகாத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைத்துப் பார்த்துக்கொள்ளும் நோய் ஆதரவு சிகிச்சை 1993இல் கோழிக்கோட்டில் சின்னதாக ஆரம்பித்தது, அப்புறம் ஊர்க்காரர்களே தொண்டர்களாக வந்து, 2008இல் மாநில அரசின் கொள்கையாகி, இன்று பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடிப் போகிறார். நம்மிடமும் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது, அதில் நோய் ஆதரவு சிகிச்சையும் சேர்த்திதான். எங்கள் வீட்டுக்கு வந்த நர்ஸம்மா படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று அம்மாவுக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார், அவரை மறக்க மாட்டோம். ஆனால் அவர் கையில் மார்ஃபின் இல்லை. ராத்திரி மூச்சுத் திணறினால் யாரைக் கூப்பிடுவது என்பதும் தெரியவில்லை. பயத்தில் ஆம்புலன்ஸை அழைத்து, வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டவரைக் கடைசி நேரத்தில் தூக்கிக்கொண்டு ஓடுகிற குடும்பங்கள் எத்தனையோ.

பார்த்துக்கொள்பவர்களையும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள்தான், வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள், சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது.

சுகாதாரத் துறையிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் மார்ஃபின் மாத்திரையும், அதை எழுதித் தரப் பயிற்சி பெற்ற ஒரு டாக்டரும் வேண்டும். ராத்திரியில் கூப்பிட்டால் எடுத்துப் பேச ஒரு நர்ஸும், அவருடைய போன் நம்பர் வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே எழுதியும் இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் இந்த மாத்திரை கிடைக்கிறது என்று மாவட்டவாரியாக நீங்கள் விசாரித்து வெளியிட்டால், இந்த வாரமே சில வீடுகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, அரியலூர் மாவட்டம்