மாளிகைக் கதை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இங்கிலாந்து, வேல்ஸ் பக்கத்துப் பிரபுக்களின் கிராமத்து மாளிகைகளை வைத்து வரலாற்றுக் கதை எழுதுகிறவர்களே, அதைத் தொடராக எடுக்கிறவர்களே! உங்கள் கதை கிடைத்தால் தூக்கத்தை விட்டுப் படிக்கிற ஆள் நான். அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் எஜமானர்கள் அத்தனை பேரும் தங்கமான மனிதர்கள். வேலைக்காரிக்குக் காய்ச்சல் என்றால் சீமாட்டியே கஞ்சியோடு மாடியேறுகிறாள். சம்பளத்தைப் பற்றி மட்டும் யாரும் வாயே திறப்பதில்லை.

பாசமே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. வேல்ஸில் ரெக்ஸாம் நகருக்கு அருகே எர்திக் என்றொரு மாளிகை. 1733 முதல் 1973 வரை யார்க் குடும்பத்தின் கையில் இருந்தது. 1790களில் அந்த வீட்டு பிலிப் யார்க் தன் வேலையாட்களை ஓவியமாக வரையச் சொல்லி, படத்துக்குப் படம் தானே பாட்டும் கட்டினார். 1793ல் வரையப்பட்ட ஜேன் எப்ரெல்லுக்கு அப்போது வயது 87. கையில் துடைப்பம். அந்த வீட்டில் ஒட்டடை அடித்தே காலம் கழித்த அந்தக் கிழவியை எங்கள் எல்லாருக்கும் தாய் என்கிறது பாட்டு. ஒரு பிரபு வீட்டில் இது சாதாரண விஷயமில்லை. கேமரா வந்த பிறகும் இந்த வழக்கம் விட்டுப்போகவில்லை; வேலையாட்களை நிறுத்திக் குழுப் படம் எடுத்தார்கள்.

இவ்வளவு பாசம் காட்டிய அதே வீடுதான் எலன் பென்கெத்தைக் கோர்ட்டில் நிறுத்தியது.

லூயிசா யார்க் 1902ல் அங்கே மருமகளாக வந்தார். சமையல், வீட்டு நிர்வாகம் என்ற இரண்டு வேலைகளையும் ஒரே ஆளாகச் சுமந்தவர் எலன். கடைக்காரர்களின் பாக்கியைத் தீர்ப்பதும் அவர் பொறுப்புதான். 1907ல் கணக்கு உதைத்தது. 500 பவுண்டைத் திருடிவிட்டாள் என்று வழக்கு. ஜூரி அவரை விடுவித்தது. லூயிசாவோ தன் டைரியில் அவரைத் திருட்டுச் சமையல்காரி என்றே எழுதிவைத்தார்.

எனக்கு ஆசையெல்லாம் இந்த இடத்தில்தான். கசாப்புக்கடைச் சீட்டு ஒரு கம்பியில், மளிகைச் சீட்டு இன்னொன்றில். திடீரென்று பத்துப் பேர் விருந்துக்கு வருகிறார்கள். யாரைக் கேட்டு வாங்குவது, எந்தப் பணத்தில் வாங்குவது? எஜமானியம்மா வீட்டுக் கணக்கு நோட்டை எத்தனை நாளைக்கு ஒருமுறை புரட்டினார்? ஒரு நாவலுக்கு வேண்டிய பதற்றம் முழுவதும் அந்தச் சமையலறை மேசையிலேயே கிடக்கிறது. நீங்களோ காதல் கடிதத்தைத் தேடி நூலக அலமாரியைக் குடைந்துகொண்டிருக்கிறீர்கள்.

வேலையை விட்டுப் போகிறவருக்கு எஜமானர் தரும் நற்சான்றுக் கடிதத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். அது இல்லாமல் நல்ல வீடு எதிலும் நுழைய முடியாது. பொய்ச் சான்று கொடுத்தால் 20 பவுண்டு அபராதம் என்று 1792லேயே சட்டம் போட்டார்கள். சான்று கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் மட்டும் எஜமானருக்கு இல்லை. இருபது வருட உழைப்பும் அவர் பேனாவைத் திறப்பாரா மாட்டாரா என்பதில் போய் நிற்கும். கோபித்துக்கொண்டு வெளியேறும் வேலைக்காரி அடுத்த அத்தியாயத்திலேயே வேறு மாளிகையில் தேநீர் ஊற்றுகிறாளே, அவளுக்குக் கடிதம் கொடுத்தது யார்?

ஆண் வேலையாளை வைத்திருக்கும் எஜமானருக்கு 1777 முதல் வரி இருந்தது. 1937 வரை நீடித்தது. உயரமான, சீருடை போட்ட ஆள் வாசலில் நின்றால், வரி கட்ட வசதி உண்டு என்று ஊருக்குக் காட்டிக்கொள்வதாகவும் ஆகும். இதையும் எங்காவது போகிறபோக்கில் சொல்லலாமே.

எஜமானர்களைக் கொடுமைக்காரர்களாக்கச் சொல்லவில்லை. அது இன்னொரு சோம்பல். பாட்டுக் கட்டிய குடும்பமும் வழக்குப் போட்ட குடும்பமும் ஒன்றுதான், இரண்டையும் ஒரே கதையில் வையுங்கள். ஜூரி விடுவித்த ஒரு சமையல்காரி, கையில் நற்சான்று இல்லாமல் வேலை கேட்டுப் போவதிலிருந்து தொடங்கினாலும் சரி. அச்சானதும் முதல் பிரதி எனக்கு. காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்