விதி எழுதுமுன் காரைக்குடிப் பக்கம் வந்து கேளுங்கள்

தமிழ்நாடு அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, மக்கள் நல்வாழ்வுத் துறை, சமூக நலத்துறை, பள்ளிக் கல்வித் துறை ஆகியவற்றின் செயலாளர்களுக்கு,

வணக்கம்.

பள்ளத்தூரில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை நான். மகன் சிங்கப்பூரிலும் மருமகள் சென்னையிலும் வேலை பார்ப்பதால், மூன்று வயதை நெருங்கும் பேரன் என்னிடம் வளர்கிறான். அவனுக்குப் பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பல நேரம் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறந்தது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கண்டறிந்து பயிற்சி தரும் சேவைகளின் விதிகளையோ வழிகாட்டு நெறிமுறைகளையோ அரசு எப்போது திருத்தினாலும், ஆணை வெளிவந்த பிறகு எங்களுக்கு அறிவிப்பதோடு நின்றுவிடாமல், வரைவு நிலையிலேயே எங்களைக் கேட்க வேண்டும் என்று கோரவே இம்மடலை எழுதுகிறேன். கேட்டால் நான் முதலில் சொல்லப்போவது ஒன்றுதான்: ஐயம் எழுந்த நாளிலேயே பயிற்சி தொடங்க வேண்டும், சான்றிதழ் கைக்கு வரும்வரை அது காத்திருக்கக் கூடாது.

எங்கள் பங்குத் தவறை மறைக்க விரும்பவில்லை. பிள்ளை ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் சொல்லாதிருந்தபோது, “அவுக ஐயாவும் நாலு வயசுலதான் வாய் தொறந்தாக” என்று வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஆறுதல் சொன்னார்கள். முப்பதாண்டு வகுப்பறையில் நின்ற நானும் அதை நம்பினேன். அப்படிப் போனது ஆறு மாதம். அதன்பின் போனவை காகிதத்தால் போயின. ஒரு பயிற்சி மையத்தில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால்தான் பெயரைச் சேர்க்க முடியும் என்றார்கள். அட்டைக்குப் போன அலுவலகத்தில், பெற்றோர் இருவரின் கையெழுத்தும் வேண்டும், அப்பத்தா கையெழுத்து செல்லாது என்றார்கள். மகன் விடுமுறையில் வரும்வரை கோப்பு அங்கேயே கிடந்தது. அந்த அலுவலர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் மேசையில் இருந்த படிவத்தில் அதற்கு மேல் இடமில்லை.

இந்தச் சிக்கல் ஓர் அலுவலகத்தின் குணத்தால் வருவதன்று, விதிகளின் அமைப்பிலேயே இருப்பது என்பதைச் சட்டத்தைப் படித்தபோது அறிந்தேன். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25 ஆவது பிரிவு, பாதிப்புக்கு ஆளாகக்கூடிய குழந்தைகளைக் கண்டறிய எல்லாக் குழந்தைகளையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது பரிசோதிக்க வேண்டும் என்கிறது. கட்டணமில்லாக் கல்வி உரிமையைப் பேசும் 31 ஆவது பிரிவோ 6 வயதிலிருந்து 18 வயது வரை என்று தொடங்குகிறது. அதுவும் 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு என்று சான்றளிக்கப்பட்ட குழந்தைக்கு. இடையில், கண்டுபிடித்தாயிற்று, ஆனால் ஆறு வயது ஆகவில்லை என்ற நிலையிலுள்ள குழந்தை எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மாநில விதிகளும் துறைகளின் நெறிமுறைகளும்தான் சொல்ல முடியும். சான்றிதழைப் பொறுத்தவரை 2018 ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல், அறிவுசார் குறைபாட்டுக்கு ஒரு வயது நிறைவதற்கு முன் சான்று இல்லை என்றும், ஐந்து வயது வரை ‘ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம்’ என்றே குறிக்க வேண்டும் என்றும் சொன்னது. மருத்துவர்கள் அவ்வளவு தயங்குவதில் நியாயம் உண்டு. சிறு குழந்தைமீது முத்திரை குத்த அவசரப்படக் கூடாது. ஆனால் முத்திரை குத்தத் தயங்குகிற அதே காலத்தில் பயிற்சி தருவதற்கும் ஏன் தயங்க வேண்டும்? சான்று கேட்கும் மையம், சான்றே தர முடியாத வயதுக் குழந்தையை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது.

2024 அக்டோபரில் மத்திய விதிகள் திருத்தப்பட்டபோது, சான்றிதழ் வழங்குவதற்கான கால எல்லை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீண்டது. அலுவலகத்துக்கு மூன்று மாதம் சிறிது. இரண்டு வயதுக் குழந்தைக்கு அது அவன் இதுவரை வாழ்ந்த காலத்தில் எட்டில் ஒரு பங்கு. காது கேளாமையை எடுத்துக்கொண்டால், பிறந்த ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ என்பது உலகெங்கும் மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. சான்றிதழுக்கான காலத்தை நீட்டும் அதே திருத்தம் மாநில விதிகளிலும் வருமானால், காத்திருக்கும் காலத்திலும் பயிற்சி நிற்காது என்ற ஒரு வரியையாவது சேர்த்து எழுதுங்கள்.

இனி, நான்கு துறைகளின் செயலாளர்களையும் ஒரே மடலில் விளித்த காரணம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடி சமூக நலத்துறையின் கையில் இருக்கிறது. 2013 முதல் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழுவும், அது பரிந்துரைக்கும், வளர்ச்சித் தாமதத்துக்குத் தொடக்கத்திலேயே பயிற்சி தரும் மாவட்ட இடையீட்டு மையமும் மக்கள் நல்வாழ்வுத் துறையைச் சேர்ந்தவை. தொண்டு நிறுவனங்கள் நடத்தும் தொடக்கநிலைப் பயிற்சி மையங்களுக்கு மானியம் தருவது மாற்றுத்திறனாளிகள் நலத்துறை. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வட்டார வள மையச் சிறப்பாசிரியர் பள்ளிக் கல்வித் துறைக்காரர். ஒவ்வோர் இடத்திலும் பேரனின் கதையை நான் முதலிலிருந்து சொல்லியிருக்கிறேன். ஒவ்வோர் இடத்திலும் புதுப் படிவம், புது எண். ஒரு துறை எழுதிய பரிந்துரைச் சீட்டு மற்றத் துறையில் செல்லும் என்று விதியில் இருந்தால், எங்கள் அலைச்சலில் பாதி குறையும்.

அலைச்சல் என்பது எங்களுக்கு உவமை அன்று. பள்ளத்தூரிலிருந்து காரைக்குடி, அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் சிவகங்கை, மாறி மாறிப் பேருந்து; அரை மணி நேரப் பயிற்சிக்கு ஒரு பகல் போய்விடுகிறது. காரைக்குடியைச் சுற்றிய எங்கள் செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது என்பதும் விதி எழுதுவோர் மறக்கும் செய்தி. கானாடுகாத்தானைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் புதுக்கோட்டை மாவட்டம் வந்துவிடும்; கடியாபட்டியும் ராயவரமும் அந்தப் பக்கம். ஊர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை எல்லை பார்ப்பதில்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் ஒரு மாவட்டத்திலும், குழந்தையின் குடும்ப அட்டை இன்னொரு மாவட்டத்திலும் இருப்பது இங்கே அன்றாடம். எந்த மாவட்டத்துக் குழந்தையானாலும் அருகிலுள்ள மையம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துச் சிக்கலும் இதோடு சேர்ந்தது. இரண்டு மூன்று தலைமுறையாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும், இப்போது சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய பகுதி இது. அப்பத்தாவும், ஆயா என்று நாங்கள் சொல்லும் அம்மாவின் அம்மாவும் வளர்க்கும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டு. ‘பெற்றோர்’ என்று வரும் இடத்தில் ‘பெற்றோர் அல்லது குழந்தையை உடனிருந்து வளர்ப்பவர்’ என்று எழுதுவதற்கு அரசுக்கு ஒரு காசும் செலவில்லை.

செட்டிநாட்டு நகரத்தார் மரபில் திருமணமான ஒவ்வோர் இணையும் ஒரு ‘புள்ளி’. ஒரே வளவில், அதாவது ஒரே கூட்டு வீட்டில், பல புள்ளிகள் இருந்தாலும் ஊர்க் கணக்கில் எதுவும் விடுபடாது. புள்ளிக்கு இவ்வளவு கணக்குப் பார்க்கும் மண்ணில், பேச்சுப் பயிற்சிக்காக எத்தனை குழந்தைகள் எத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள் என்று நான் கேட்ட இடங்களில் எவராலும் சொல்ல இயலவில்லை. மையந்தோறும் காத்திருப்போர் எண்ணிக்கையை மாதம் ஒருமுறை வாசலில் ஒட்டச் சொல்லுங்கள்.

பரிசோதனைப் படிவத்தின் மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழாசிரியைக்கு இவ்வளவு உரிமை உண்டென்று நினைக்கிறேன். எங்களிடம் கேட்கப்பட்ட வினாக்கள் மொழிபெயர்ப்பு நடையில் இருந்ததால், படித்த எனக்கே இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி, பதின்மூன்றாம் மாதம் வருகை என்று பருவம் வகுத்தார்கள். ஒரு காலை மடக்கித் தலை நிமிர்ந்து ஆடுவதும், கை சேர்த்துக் கொட்டுவதும், தளர்நடை போட்டு வருவதும் எந்தப் பருவத்துக்கு உரியவை என்று நம்மவர்கள் கண்டு வைத்த வரிசை அது. மருத்துவ அட்டவணைக்கு அது மாற்று ஆகாது. ஆனால் “பிள்ளைக்குக் கழுத்து நின்றுவிட்டதா, சப்பாணி கொட்டுகிறானா, நிலாவைக் காட்டினால் பார்க்கிறானா” என்று கேட்டால் எந்த அப்பத்தாவும் நாள் தவறாமல் விடை சொல்வாள். 2023 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட அங்கன்வாடி வழிமுறை, அறிகுறிகளைக் கவனிக்கும் பொறுப்பை அங்கன்வாடிப் பணியாளரிடம் தந்திருக்கிறது. ஊட்டச்சத்துச் செயலியில் பதிவதும் சத்துமாவு வழங்குவதும் எடை பார்ப்பதுமாக இருக்கும் அவருக்கு, இந்தக் கூடுதல் வேலைக்கென்று நேரமும் பயிற்சியும் எவ்வளவு என்பதையும் விதியே சொல்ல வேண்டும்.

கருத்துக் கேட்பது அரசு காட்டும் சலுகை அன்று என்பதையும் பணிவோடு நினைவூட்டுகிறேன். அதே 2016 சட்டத்தின் 101 ஆவது பிரிவு, மாநில அரசு விதிகளின் வரைவை முன்னதாக வெளியிட்டே அவற்றை வகுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. ஆனால் அரசிதழில் வெளியிட்டுவிட்டு முப்பது நாள் காத்திருப்பதால், பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர்களின் காதுக்குச் செய்தி வந்துவிடாது. மத்திய அரசிதழ் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வருகிறது. மாநில வரைவாவது எளிய தமிழில் அங்கன்வாடிச் சுவரில் ஒட்டப்பட வேண்டும், எழுதத் தெரியாதவர் சொல்வதைப் பணியாளர் எழுதிக்கொள்ள வேண்டும், வந்த கருத்துகளில் எவை ஏற்கப்பட்டன, எவை ஏன் ஏற்கப்படவில்லை என்பதும் வெளியாக வேண்டும். சென்னையிலோ மதுரையிலோ நடக்கும் கூட்டத்துக்கு எங்களால் வர இயலாது. காரைக்குடியில் ஒரு கூட்டம் நடத்துங்கள். இங்கே அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, கேட்டால் இடமும் தருவார்கள், விவரம் அறிந்தவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

கூட்டத்தைப் பகல் பதினொரு மணிக்கு மேல் வையுங்கள். பேரனைக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளத்தூரில் பேருந்து ஏற்றி வந்து சேர எனக்கு அவ்வளவு நேரமாகும்.

இங்ஙனம்,
பேரனை வளர்க்கும் ஓர் அப்பத்தா
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்